நீங்க குடுத்ததுதான் சார்

முகத்துக்கு நேரே அவரை ‘சார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘மூணாம் நம்பர்’. இந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் வரவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெயரைச் சம்பாதிக்க மனுஷன் நாள்தவறாமல் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார் இல்லையா?

விஷயம் இதுதான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடத்தை விளையாட்டாகக் காட்டும் புராஜெக்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் செய்ய அவர் வாத்தியாராக இருந்த பயிற்சி நிலையத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். படிக்க வந்த பதினான்கு பேரும் குடும்பம் நடத்துகிற பெண்கள். திரையில் வண்ண வண்ணக் கட்டைகள் இருக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் அதுதான் நிரல். ‘நட’ என்ற கட்டையைப் போட்டால் பொம்மை நடக்கும், ‘நில்’ என்றால் நிற்கும். இந்தச் சாஃப்ட்வேரில் மூன்றாவது வெர்ஷன் ஒன்று, அதற்குப் பிறகு வந்த நான்காவது ஒன்று. மூன்றில் செய்ததை நான்கில் தாராளமாகத் திறக்கலாம். நான்கில் செய்ததை மூன்றில் திறந்தால்தான் வம்பு. திறக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தால்கூடப் பரவாயில்லை, ஆளுக்கு உஷார் வந்துவிடும். இது திறந்துவிடும். தனக்குத் தெரியாத கட்டையையும், அதோடு கோத்திருப்பதையும் சத்தம் போடாமல் விழுங்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் காட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

பள்ளிக்கூடங்களில் இருந்ததெல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள். மூன்றைத் தாண்டி எதையும் அவை தாங்காது. அதனால் வாத்தியார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

“நாம செய்யறது நம்ம வீட்டுல ஓடினா போதாதும்மா. யாருக்குக் குடுக்கறோமோ அவங்ககிட்ட ஓடணும். அவங்ககிட்ட மூணு இருக்கா, நாமும் மூணு. நாலுல என்ன பவிசு இருந்தாலும் எனக்கு அது வேண்டாம்.”

சரியான முடிவு. அதில் ஒருத்தரும் குற்றம் சொல்ல முடியாது. இவ்வளவு சரியாகப் பேசிய ஆள்தான் அந்தக் காரியத்தையும் செய்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பதினான்கு பேரில் டெய்லரம்மா என்று ஒருத்தி. நாற்பத்துநாலு வயது. பதினெட்டு வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். முதுகெலும்பில் இரண்டு வளையம் தேய்ந்துபோய்விட்டது, மெஷினை விட்டு எழுந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுந்து எங்கே போவது? அதற்குத்தான் இந்தப் பயிற்சி. கடைசியில் ஒரு தேர்வு வைத்து, அதில் முதலாக வருகிறவருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் உதவியாளர் வேலை. நிரந்தர வேலை. நாற்பத்தைந்து ஆனவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. ஆக, இந்தத் தடவை விட்டால் அவளுக்கு அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும்.

அவளுக்கு ஆரம்பத்தில் மவுஸ் பிடிக்கக்கூட வரவில்லை. “ஊசியில நூல் கோக்கற கைக்கு இது என்னடா இப்படி வழுக்குது” என்று சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டாள். மூன்றாவது மாதம் அவள் செய்ய ஆரம்பித்த புராஜெக்ட்டைப் பார்த்து வாத்தியாரே கொஞ்சம் அசந்துபோனார். திரையில் ஒரு பொம்மைப் பையன் சட்டை இல்லாமல் நிற்பான். பக்கத்தில் அளவு நாடா. பிள்ளைகள் அவன் கையை அளந்து எண்ணைப் போட வேண்டும். சரியாகப் போட்டால் சட்டை பொருந்தும், பையன் குதிப்பான். நீளத்தை அளக்கச் சொல்லிக் கொடுக்கும் பாடம். அளவு நாடாவோடு இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவளுக்குத்தான் அது தோன்றும்.

“தப்பா போட்டா என்ன ஆகும்?” என்று வாத்தியார் கேட்டார்.

“அதைத்தான் சார் யோசிக்கறேன். ‘தப்பு’ன்னு செவப்பா எழுதிக் காட்டினேன். என் பொண்ணு மூஞ்சி இத்தனூண்டு ஆயிடுச்சு. வேற மாதிரி பண்ணணும்.”

“அதுதான் முக்கியம். தப்பு பண்ற பிள்ளையை எப்படி நடத்தறோம்னுதான் தேர்வுல பார்ப்பாங்க. அதை நல்லா பண்ணுங்க.”

இந்த நேரத்தில்தான் நிலையத்தில் மின்கம்பிகளை மாற்ற வேண்டும் என்று பத்து நாள் பூட்டினார்கள். பூட்டிய அன்று வராந்தா முழுக்கக் கம்பிச் சுருள். எலக்ட்ரீஷியன் சுவரில் தவறான இடத்தில் துளை போட்டுவிட்டான் என்று வாத்தியார் அவனிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். டெய்லரம்மா வந்து ஓரமாக நின்றாள்.

“சார், தம்பி அவன் பழைய லேப்டாப்பைக் குடுத்திருக்கான். மிச்சத்தை வீட்டுல முடிச்சிடறேன். அந்தச் சாஃப்ட்வேர் மட்டும் வேணும்.”

வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினார். “இந்தாங்க. இதுல இருக்கு. மூணுதான். வேற எங்கேருந்தும் எடுத்துப் போட்டுடாதீங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல.”

“சேச்சே, நீங்க குடுக்கறதைத்தான் போடுவேன்.”

அதில் இருந்தது மூன்று அல்ல. போன ஞாயிற்றுக்கிழமைதான், ஊரெல்லாம் நான்கு நான்கு என்கிறார்களே, அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அவர் நான்கை இறக்கித் தன் சொந்த லேப்டாப்பில் போட்டிருந்தார். பென்டிரைவில் இடம் போதவில்லை. மூன்றை அழித்துவிட்டு நான்கை ஏற்றினார். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவே இல்லை. பதினான்கு பேருக்கும் நான்கைத் தொடாதே, தொடாதே என்று தலைப்பாடாகச் சொன்னவர் ஆசைக்குத் தான் ஒருதரம் தொட்டுப் பார்த்தார். தொட்டதை மறந்தும் போனார்.

டெய்லரம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியவும் நியாயமில்லை. இரண்டுக்கும் முகம் ஒன்றுதான், மூலையில் எறும்பளவு எழுத்தில் ஒரு எண் மட்டும் மாறியிருக்கும். வீட்டில் புதிதாகச் சில கட்டைகள் கண்ணில் பட்டபோது, நிலையத்திலும் இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்குத் தன்மேல்தானே எப்போதும் சந்தேகம்!

நிலையம் திறந்த அன்றே தேர்வு. நிலையத்தை நடத்தும் மேடமும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். வாத்தியார் நிலையத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து காட்டினார். டெய்லரம்மா வெளுத்த நீலத்தில் கஞ்சி போட்ட புடவை கட்டியிருந்தாள். பொம்மைப் பையன் வந்தான். நாடா வந்தது. தலைமையாசிரியர் சரியான எண்ணைப் போட்டார், சட்டை பொருந்தியது, பையன் குதித்தான். மேடம் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“தப்பா போட்டா என்ன பண்ணும்மா?”

“சொல்லிக் குடுக்கும் சார். பேசும்.” அவள் முகமெல்லாம் சிரிப்பு.

தலைமையாசிரியர் இருபத்தைந்துக்குப் பதில் நாற்பது போட்டார். பையன் நின்றான். கண்ணைச் சிமிட்டினான். அவ்வளவுதான். எல்லோரும் காத்திருந்தார்கள். பின் வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

“பேசலையேம்மா.”

“வீட்டுல பேசிச்சு சார்.”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். வாத்தியாருக்குச் சுருக்கென்றது. தன் மாணவி தன் எதிரில் அசடு வழிகிறாளே என்று மானம் போனது. நிரலைத் திறந்து பார்த்தார். ‘தவறானால்’ என்ற கட்டைக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் இடம்.

“இங்க காலியா இருக்கேம்மா.”

“வெச்சேன் சார். பன்னெண்டு கட்டை வெச்சேன். எண்ணி வெச்சேன்.”

“வேற வெர்ஷன் எதையாவது போட்டுட்டீங்களா?”

“இல்ல சார். நீங்க குடுத்ததுதான் சார்.”

இந்த இடத்தில் மனுஷன் ஒரே ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவள் திருப்பிக் கொடுத்த பென்டிரைவ் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துச் செருகிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ‘நீங்க குடுத்தது’ என்ற சொல் அவர் காதில் குற்றச்சாட்டாக விழுந்தது. அவள் சொன்னதோ விசுவாசத்தில். அவர் முன் வரிசையைப் பார்த்துப் பேசினார்.

“நான் குடுத்தது மூணு. என் கையால குடுத்தேன். மூணுல செஞ்சது மூணுல காணாம போகவே போகாது.” அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். நிறுத்தவில்லை. “முடிக்க நேரமில்லைன்னா நேரமில்லைன்னு சொல்லிடுங்கம்மா. அதுல தப்பே இல்ல. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றதுதான்…”

மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. டெய்லரம்மாவின் முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, “நான்தான் சேமிக்காம விட்டுட்டேனோ என்னமோ சார்” என்றாள். போய் உட்கார்ந்துகொண்டாள்.

வேலை வேறொரு பெண்ணுக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணும் கெட்டிக்காரிதான், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று வீட்டுக்கு வந்து வாத்தியார் மனைவியிடம் கதையைச் சொன்னார். அவள் காய் நறுக்கிக்கொண்டே, “பாவம், மறந்திருப்பாங்க” என்றாள்.

“மறதியா? சாமர்த்தியம். என் தலையிலேயே கட்டப் பார்த்தாங்க.”

இதை அவர் தன் வாயால் சொன்னார். பிற்பாடு நினைத்து நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, அது வேறு விஷயம்.

இரண்டு மாதம் போனது. அடுத்த வகுப்புக்கு மாதிரி காட்ட நல்ல புராஜெக்ட்டுகளாகப் பொறுக்குவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் தன் லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தார். சட்டை பொருந்துகிற வரைக்கும் அது நன்றாகத்தானே இருந்தது, அந்தப் பாதியையாவது காட்டலாம் என்று டெய்லரம்மாவின் ஃபைலைத் திறந்தார். எண்ணைப் போடும்போது விரல் தவறி ஐம்பத்திரண்டு விழுந்தது.

பையன் பேசினான்.

“என் கை அவ்ளோ நீளமா?” என்று கேட்டான். சட்டைக்கை வளர்ந்துகொண்டே போய்த் தரையில் புரண்டது. பையன் அதில் தடுக்கி விழுந்து எழுந்து சிரித்தான். “எனக்கும் முதல்ல தப்பாதான் வந்துச்சு. தோள்லேருந்து பிடி. நானும் கூட எண்றேன். ஒண்ணு, ரெண்டு, மூணு…” நாடா தானாக வந்து தோளில் ஒட்டிக்கொண்டது.

சோபாவில் சாய்ந்திருந்த மனைவி எழுந்து வந்தாள். “யாரு பேசறது? நல்லா இருக்கே.”

வாத்தியார் திரையின் மூலைக்கு மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தார். நான்கு. மாட்டியிருந்த சட்டையிலிருந்து பென்டிரைவை உருவி, செருகிப் பார்த்தார். நான்கு. நிரலைத் திறந்தார். ‘தவறானால்’ என்ற கட்டைக்குக் கீழே பன்னிரண்டு கட்டைகள் வரிசையாக இருந்தன. முதல் கட்டையே நான்காவது வெர்ஷனில் புதிதாக வந்த ‘பேசு’.

“பாவி, நான்தான்” என்றார்.

முழுசாகச் சொல்லி முடித்ததும் மனைவி, “என்கிட்ட ஏன் சொல்றீங்க? யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றாள். சாமர்த்தியம் என்று அவர் சொன்னதை அவள் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மேடத்திடம் போனார். லேப்டாப்பைத் திறந்து காட்டினார். மேடம் முழுசாகப் பார்த்தாள். பையன் எண்ணும்போது கூடவே எண்ணக்கூடச் செய்தாள்.

“ரொம்ப நல்லா இருக்கு சார். இப்ப நான் என்ன பண்ணணும்? வேலையில சேர்ந்து ரெண்டு மாசம் ஆன பொண்ணை எறக்கிவிட்டுட்டு இவங்களை ஏத்தவா?”

“வேற பள்ளிக்கூடம் எதுலயாவது…”

“அடுத்த எடம் அடுத்த வருஷம்தான் வரும். அவங்க வயசு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

“போய்ச் சொல்லித்தான் ஆகணுமா சார்? அவங்களே மறந்திருப்பாங்க. கெளறிவிட்டு என்ன ஆகப்போகுது?” மேடம் கெட்டவள் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அன்று பகல் முழுக்க வாத்தியாருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. சாயங்காலம் கால் தானாக மறுபக்கம் திரும்பியது.

டெய்லரம்மா ஒரு சலவைக் கடையின் முன்பக்கத்தில் துணி மாற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுந்துவிடு என்று சொன்ன அதே மெஷின். இடுப்பில் அகலமான பட்டை கட்டியிருந்தாள். உள்ளே இஸ்திரிப் பெட்டியின் ஆவி, ஈரத் துணியின் வாசம். துணி வெட்டுகிற மேஜையின் மறு ஓரத்தில் பத்து வயது மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“அட, சாரா! வாங்க வாங்க. பேன்ட் சுருக்கணுமா?” அவள் வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அந்தச் சிரிப்பில் கோபத்தின் நிழல்கூட இல்லை.

வாத்தியார் உட்காராமலே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பென்டிரைவில் இருந்தது நான்கு, அதைக் கொடுத்தது நான், உங்கள் பன்னிரண்டு கட்டையும் அப்படியே இருக்கிறது, அன்றைக்கு வந்த பதினான்கிலும் உங்களுடையதுதான் முதல், அதை நான் எல்லார் எதிரிலும் பொய் என்றேன். வேலை போனது போனதுதான், அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதையும் சொன்னார்.

டெய்லரம்மா கையில் இருந்த துணியை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

“அப்ப நான் சேமிச்சேனா சார்?”

“சேமிச்சீங்கம்மா. எல்லாம் சரியா பண்ணியிருந்தீங்க.”

“எனக்கு புத்தி பிசகிடுச்சோன்னு நெனச்சேன் சார். கனவுல செஞ்சதை நெசத்துல செஞ்சதா நெனச்சுக்கிட்டேனோன்னு. அந்த லேப்டாப்பை மறுநாளே தம்பிகிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன். திறந்துகூடப் பார்க்கல. பார்க்கப் பயமா இருந்துச்சு.”

“நீங்க என்னைத் திட்டுங்கம்மா.”

“உங்களைத் திட்டி?” என்றாள். மேஜை ஓரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதுக்கிட்டு இருந்தேன். இவ வந்து, ‘அம்மா, நான் பார்த்தேன், பேசிச்சும்மா, சார்கிட்ட நான் வந்து சொல்றேன்’னு கையைப் பிடிச்சு இழுத்தா. எனக்காகப் பொய் சொல்லப் பழகறாளேன்னு ஆத்திரம் வந்துடுச்சு சார். அம்மாவும் பொய்க்காரி, பொண்ணும் பொய்க்காரியான்னு. அடிச்சேன். ‘பார்க்கல’ன்னு சொல்ற வரைக்கும் அடிச்சேன்.”

வாத்தியார் மேஜை ஓரத்தில் இருந்த சிறுமியைத் திரும்பிப் பார்த்தார்.

“வேலை கெடக்கட்டும் சார். என்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா அவ நம்பமாட்டா.”

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார். சிறுமி எழுதுவதை நிறுத்தவில்லை. அவர் குனிந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஏதோ பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாப்பா, அம்மா செஞ்ச அந்தப் பையன் நெஜமாவே பேசினான். நான்தான் தப்பான சாஃப்ட்வேரைக் குடுத்துட்டேன். அதனாலதான் அங்க பேசல. அம்மா மேல தப்பில்ல. நீ சொன்னதுதான் நெஜம். நீ பார்த்தே இல்ல?”

சிறுமி அவரைப் பார்க்கவில்லை. முதலில் அம்மாவைப் பார்த்தாள்.

“நான் எதையும் பார்க்கல சார்.”

“பார்த்தேடி கண்ணு!” டெய்லரம்மா மெஷினை விட்டு எழுந்து வந்துவிட்டாள். முதுகு வலியில் முகம் கோணியது. “சார் சொல்றாருல்ல. அம்மா இனிமே அடிக்கமாட்டேன். பார்த்தேன்னு சொல்லுடி.”

“இல்லம்மா. நான் சும்மாதான் சொன்னேன்.”

சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அம்மாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.